எபிடாரஸில் உலகு பேசியது

அக்டோபர் 7, செவ்வாய். ஏதென்ஸ்

வந்து சேர்ந்தாயிற்று. பாளையங்கோட்டையில் ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்குக் கிரேக்க வரலாறு நடத்திய பேராசிரியர் நல்லசிவம், ரிட்டயராகி எட்டு வருஷம் கழித்து அந்தக் கிரேக்கத்தைக் கண்ணால் பார்க்கப் போகிறார். பார்க்காத ஊருக்கு இத்தனை காலம் வழி சொல்லியிருக்கிறேன் என்றால் என் தைரியத்தைப் பாருங்கள். கூட வந்திருப்பது என் மனைவி உலகம்மாள். தென்காசிக்காரி, அந்த ஊர் அம்மன் பேர். நான் உலகு என்று கூப்பிடுவேன்.

விமானத்தில் ஒன்று சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் சொன்னதுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"ஊருக்குத் திரும்புனதும் நான் தென்காசிக்குப் போறேன். எங்க அம்மா வீடு சும்மாத்தான கெடக்கு. அங்கயே இருந்துக்கிடுதேன்."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. இனிமே அங்கதான். நீங்க பாளையங்கோட்டையில இருங்க."

நான் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்து, கீழே தெரிவது துருக்கியாகத்தான் இருக்கும் என்றேன். துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் என்ன பகை என்பதையும் விளக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விடுதியில் சாப்பாடு பரவாயில்லை. பரிமாறுகிற பெண் உலகைப் பார்த்து என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். கீரை அடைத்த பஃப் மாதிரி ஒன்று இருந்தது, அதைக் கொண்டுவரச் சொன்னேன். உலகுக்கு இங்கிலீஷ் வராது என்றில்லை, பி.எஸ்ஸி. படித்தவள். நான் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். பாதிதான் தின்றாள். அவளுக்கு எப்போதுமே பசி குறைச்சல்.

அக்டோபர் 8, புதன்

அக்ரோபொலிஸ். மேலே ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். கரும்பலகையில் சாக்பீஸால் எத்தனை தடவை வரைந்த தூண்கள். பக்கத்தில் போய் நின்றால் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நிற்கின்றன.

இந்தத் தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். நேராகக் கட்டினால் தூரத்துப் பார்வைக்கு ஒடுங்கித் தெரியும் என்பதால் தெரிந்தே செய்த வேலை. இதை உலகுக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அவள் இடத்தில் ஒரு ஜப்பான்காரர் நின்று பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அவருக்குத் தமிழில் பாடம் எடுத்தேனோ, சிவனுக்குத்தான் வெளிச்சம்.

தேடிப் பிடித்தேன். ஓர் ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பூனையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் நிறுத்திவிட்டாள்.

இந்த ஊரில் ஒரு சௌகரியம். தமிழில் என்ன வேண்டுமானாலும் உரக்கப் பேசலாம், ஒரு பிள்ளைக்கும் புரியாது. டிராமில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் மூக்கைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சத்தமாகவே சொன்னேன். அவர் சிரித்தார். உலகு சிரிக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. ஷூ நனைந்துவிட்டது. தென்காசிப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. மறந்திருப்பாள்.

அக்டோபர் 10, வெள்ளி

பழைய இடுகாட்டைப் பார்க்கப் போனோம். கெராமெய்க்கோஸ் என்று பேர். கல்லறைக் கற்களில் குடும்பம் குடும்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஒருவன் எதிரே நிற்பான். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அழுகை, மார்பில் அடித்துக்கொள்வது, ஒன்றும் கிடையாது.

அப்படி ஒரு கல்லின் முன்னால் உலகு ரொம்ப நேரம் நின்றாள். இந்தப் பயணத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல செத்தது யாரு?"

நான் உட்கார்ந்திருப்பவள்தான் என்று ஆரம்பித்து, விதிவிலக்குகளையும் சொல்லி, அந்தக் காலத்துச் சவ அடக்க முறைகளுக்குள் போனேன். உண்மையில் பல கற்களில் அது யாருக்கும் நிச்சயமில்லை. அவள் கொஞ்சம் கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, இல்லியா? ஒரு ஆளு போகப் போகுதுன்னு," என்றாள்.

நான் அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். ஆனால் அவள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 11, சனி

உலகு துணி துவைக்கப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போன நேரம் பார்த்து, பெங்களூரில் இருக்கும் மகள் வடிவுக்குப் போன் அடித்தேன். உங்க அம்மா விமானத்தில் என்னவோ உளறினாள், நீ கொஞ்சம் பேசிப் பார் என்றேன்.

 வடிவு, "அப்பா, அம்மா உளறல. தென்காசி வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. கேஸ் கனெக்‌ஷன் வந்தாச்சு. நீங்க திரும்பி வர்ற அன்னைக்கு அம்மாவுக்குப் பொதிகையில டிக்கெட் நான்தான் போட்டேன். உங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல," என்றாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளையடித்தது எனக்குத் தெரியாது. ஆள் விட்டு அடித்திருக்கிறாள். நான் என்ன, வீட்டில் இருக்கிற பீரோவா?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா," என்றேன்.

"சொன்னாங்கப்பா. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க அப்ப பேசிட்டிருந்தீங்க."

போனை வைத்துவிட்டேன். வடிவுக்கு எப்போதும் அம்மா கட்சி.

அக்டோபர் 12, ஞாயிறு. நாஃப்லியோ

பஸ்ஸில் ஊர் மாறினோம். கூட்டத்தில் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. உலகுக்கு முன்வரிசையில் ஒரு இடம், எனக்குக் கடைசி வரிசையில். அவள் பக்கத்தில் ஒரு கிரேக்கப் பெண்பிள்ளை, மார்க்கெட்டுக்குப் போய்வருகிற மாதிரி மடி நிறையப் பை. பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் ஒரு மாதுளையை உடைத்து உலகு கையில் கொடுத்தாள். உலகு தன் டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். வழி நெடுக ரெண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இவள் தமிழில், அவள் கிரேக்கத்தில். உலகு வாய்விட்டுச் சிரித்தது பின்சீட்டு வரைக்கும் கேட்டது. என்ன சொன்னதற்குச் சிரித்தாளோ.

கிரேக்கம் படித்தது நான். என் பக்கத்தில் இருந்தவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான்.

இறங்கியதும், "என்ன அப்பிடிப் பேசுனீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன். "சும்மாதான்," என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

மைசீனி. சிங்க வாசல், மலை மேல் கோட்டை, தேன்கூடு போல் கட்டிய ராஜா சமாதி. இன்றைக்கு ஒரு முடிவோடு போனேன். நானும் பேசப் போவதில்லை. ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவளாக வந்து என்ன என்று கேட்கட்டும்.

கேட்கவில்லை. சிங்க வாசலில் கேட்கவில்லை, கிணற்றடியில் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு நடந்தாள், குனிந்து குனிந்து மஞ்சள் பூச்செடியைப் பார்த்தாள், கிழக்கே மலையைப் பார்த்துச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முகம் தெளிவாக இருந்தது. நான் பேசாதது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. சொல்லப்போனால் நன்றாக இருந்த மாதிரி இருந்தது.

அந்த ராஜா சமாதிக்குள் நான் தனியாக நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இருட்டைப் பார்த்து இல்லை. பாளையங்கோட்டை வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு நான் யாரிடம் பேசுவேன்? இன்ன பேப்பரில் இன்ன செய்தி என்று யாரிடம் சொல்வேன்? எனக்கு நண்பர்கள் கிடையாது. மாணவர்கள் உண்டு, அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் போகக் கூடாது. போகக் கூடாது என்று எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சிலுவைப் போர் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு இது வரமாட்டேன் என்கிறது.

நாளைக்கு எபிடாரஸ். அங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எபிடாரஸ் நாடக அரங்கம் மலைச் சரிவில் விரித்த விசிறி மாதிரி இருக்கிறது. கீழே வட்டமான மண் தரை, நடுவில் ஒரு கல். அந்தக் கல்மேல் நின்று சாதாரணமாகப் பேசினால் உச்சிப் படி வரைக்கும் தெளிவாகக் கேட்கும். எத்தனையோ வருஷம் வகுப்பில் சொன்ன விஷயம். மேலே இருப்பவர் பேசினால் கீழே சரியாகக் கேட்காது. இதையும் சொல்வேன், பிள்ளைகள் யாரும் குறிப்பு எடுக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் வந்த கூட்டம் கைதட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. அங்கங்கே ரெண்டு மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். உலகை மேலே ஏறச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். உச்சிக்குப் பக்கத்தில் நீலச் சேலை ஒரு பொட்டாக உட்கார்ந்தது.

நான் கல்லின் மேல் நின்றேன். போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இந்த அரங்கத்தைக் கட்டியவர் பாலிக்ளைட்டஸ் என்று ஒரு குறிப்பு இருக்கிறது," என்று வந்தது. வந்தபின் நிறுத்த முடியவில்லை. கல் எங்கிருந்து வெட்டினார்கள், மேல் அடுக்கு எப்போது சேர்ந்தது, மேலே பேசினால் கீழே ஏன் கேட்காது, எல்லாம் சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

உலகு எழுந்து இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது.

"முடிஞ்சுதா? இப்ப நீங்க ஏறுங்க," என்றாள்.

எனக்கு முழங்கால் வலி. இருந்தாலும் அவள் சொன்ன விதத்தைப் பார்த்து ஏறினேன். ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். கீழே அவள் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, கோவிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றாள்.

"கேக்குதா?" என்றாள்.

காதருகே நின்று கேட்ட மாதிரி இருந்தது. "கேக்குது," என்று கத்தினேன். காவலாளி விசில் ஊதினான். அவள் கையை விரித்தாள், கேட்கவில்லை என்று.

"நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. நீங்கதான சொன்னிய. அதனால சும்மா உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தேன்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க குடிக்க மாட்டிய, கை ஓங்க மாட்டிய. ஊர்ல கேட்டா தங்கமான மனுசன்னு சொல்லுவாங்க. அதான் நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்ல முடியல. இவளுக்குக் கொழுப்பப் பாருன்னுவாங்க."

ஒரு காலைக் கல்லின் ஓரத்துக்கு நகர்த்தினாள். இறங்கிப் போய்விடுவாளோ என்று நினைத்தேன்.

"போன சித்திரையில டாக்டர் எங்க வலிக்குதுன்னு என்னப் பாத்துத்தான் கேட்டாரு. நீங்க எடது பக்கம்னு சொன்னிய. எனக்கு வலது பக்கம். டாக்டர், வலது பக்கம்னு நானும் சொன்னேன். அவளுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர்னு நீங்க சிரிச்சிய. அவரும் சிரிச்சாரு. எடது பக்கத்துக்கு எழுதிக் குடுத்த மாத்திரைய ரெண்டு மாசம் தின்னேன்."

நான் எழுந்து நின்றேன். இல்லை உலகு, அது அப்படி இல்லை, நீ அன்றைக்குக் கையை வைத்தது இடது பக்கம் என்று சொல்ல வந்தேன். சொல்லியும்விட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குப் பேசினாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மறுபடி உட்கார்ந்தேன்.

"எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியல இப்பல்லாம். யாராவது கேட்டா உங்க முகத்தத்தான் பாக்கேன். வடிவு கேட்டாலும் அப்பிடித்தான். தென்காசி வீட்டுல சத்தமே இருக்காது. அங்க உக்காந்து பாக்கணும். உங்கள வெட்டிவிட்டுப் போறதா நெனைக்காதீங்க. ஆனா போறேன். போகாதன்னு சொல்லுவிய, காரணம் நெறைய வச்சிருப்பிய. எல்லாத்துக்கும் பதில் சொல்ல எனக்குச் சத்து இல்ல."

தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தாள்.

"நல்லசிவம்," என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுவாள்.

"ஒரு தடவ சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு. இந்த ஊர்ல யாருக்குத் தெரியப் போவுது," என்று சொல்லிவிட்டு இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

நான் அழுதுகொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தால், எனக்கு நாலு படி கீழே தொப்பி போட்ட ஒரு அம்மாளும் அவள் புருஷனும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மெல்லத் திரும்பினாள்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. நாங்கள் கனடாவில இருந்து வந்தனாங்கள். எழும்பிப் போவம் எண்டுதான் பாத்தம். எழும்பினா நீங்கள் கண்டிடுவியள் எண்டு அப்பிடியே இருந்திட்டம்."

யாழ்ப்பாணத் தமிழ். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. "எல்லாம் கேட்டுதாம்மா?" என்றேன்.

"ஓம் ஐயா. எல்லாம் கேட்டது."

அவள் புருஷனுக்கு என்மேல் இரக்கம். "கோவத்தில கதைக்கிறதுதானே. ரெண்டு நாளில எல்லாம் சரிவரும்," என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் அந்த அம்மாள். "அந்த மனுசி இவ்வளவு நேரம் நிண்டு சொன்னது உங்களுக்கும் விளங்கேல்லையோ?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான்.

அந்த அம்மாள் எனக்கு முன்னால் இறங்கிப் போய் உலகின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உலகு திடுக்கிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தது தெரிந்தது. நான் இறங்கி வருவதற்குள் ரெண்டு பேரும் பைன் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன். "இப்ப வலி எப்பிடி இருக்கு?"

பதிலை நானே சொல்லிவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்ப வலி இல்ல," என்றாள். அப்புறம் வெகுதூரம் நடந்தபின், "மழை நாள்ல மட்டும் கொஞ்சம் இருக்கும்," என்றாள்.

அக்டோபர் 15, புதன்

கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வேண்டியதை அவளே கேட்டு வாங்கினாள். பொரித்த கத்திரிக்காய். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். நான் எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 18, சனி. நெல்லை எக்ஸ்பிரஸ்

ரயில் ஆடுகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும்.

எழும்பூரில் அவள் வண்டி முதலில். பெட்டியை ஏற்றி வைத்தேன். ஸ்லீப்பர் கோச், ஜன்னலோர இடம், காற்று வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் சீட்டில் ஒரு பெண், கைக்குழந்தையோடு.

"எங்கம்மா போறீங்க?" என்று அந்தப் பெண் உலகைக் கேட்டாள்.

என் வாய் திறந்துவிட்டது. தென்காசி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

உலகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்கு," என்றாள்.

"சார் வரலையா?"

"அவுகளுக்கு வேற வண்டி."

சிக்னல் விழுந்தது. போகாதே என்பதற்கு என்னிடம் இன்னும் காரணங்கள் இருந்தன, அவள் சொன்னது சரிதான், நிறையவே இருந்தன. வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். கடைசியில் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"நான் அங்க வந்து உன்னப் பாக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். கம்பிமேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். பொங்கலுக்கு வாருங்கள், வடிவோடு வாருங்கள், ரெண்டு நாள் மட்டும் இருங்கள் என்று அவள் சார்பில் நானே சொல்லிக்கொள்ள எத்தனை பதில்கள். ஒன்றையும் சொல்லவில்லை. வண்டி வேகம் எடுத்தது, என் முழங்கால் நின்றுவிட்டது, ஜன்னல் போய்விட்டது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

என் வண்டியும் கிளம்பிச் செங்கல்பட்டு தாண்டிவிட்டது. போன் மடியில் இருக்கிறது. நான் அடிக்கவில்லை. அவள் சொல்லட்டும்.